மெடிக்கல் கோடிங்கா, டிரான்ஸ்கிரிப்ஷனா: பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

மருத்துவ ஆவணத் துறையில் நுழைய நினைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: கோடிங் படிப்பதா, டிரான்ஸ்கிரிப்ஷன் படிப்பதா? பயிற்சி நிலையத்தில் கேட்டால், அவர்கள் எதை நடத்துகிறார்களோ அதுதான் நல்லது என்பார்கள். வேலையில் இருக்கும் நண்பரைக் கேட்டால், அவர் எதில் இருக்கிறாரோ அதையே சொல்வார். நான் டிரான்ஸ்கிரிப்ஷனில் தொடங்கி, பிறகு கோடிங்குக்கு மாறினேன். இரண்டையும் பார்த்த ஒருவர் அன்று எனக்கு அருகில் இருந்திருந்தால் நிறையப் பணமும் அலைச்சலும் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரிடமும் ஒரு காசு கட்டுவதற்கு முன், இரண்டு வேலைகளையும் உங்கள் கையால் கொஞ்சம் செய்து பாருங்கள். அதற்குச் செலவே இல்லை. எப்படிச் செய்வது என்பதை மூன்றாவது படியில் விரிவாகச் சொல்கிறேன்.

1. இரண்டு வேலைகளையும் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்

ஒரு நோயாளி மருத்துவரிடம் வருகிறார். மருத்துவர் பரிசோதித்துவிட்டு, என்ன கண்டார், என்ன செய்தார் என்பதைப் பேசிப் பதிவு செய்கிறார். அந்த ஒலிப்பதிவைக் கேட்டு, பிழையில்லாத அறிக்கையாக மாற்றித் தருவது டிரான்ஸ்கிரிப்ஷன். டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவை சிகிச்சைக் குறிப்பு, ஆலோசனை அறிக்கை, ஸ்கேன் அறிக்கை எல்லாம் இப்படித்தான் உருவாகின்றன.

அறிக்கை தயாரான பிறகு கோடிங் தொடங்குகிறது. கோடர் அதைப் படித்து, நோய்க்கு ஒரு கோடு (அதாவது குறியீடு), செய்த சிகிச்சைக்கு ஒரு கோடு என்று போடுகிறார். அந்தக் கோடுகளை வைத்துத்தான் காப்பீட்டு நிறுவனத்துக்கு பில் போகும். அமெரிக்க முறையில் நோய்களுக்கு ஐசிடி-10-சிஎம், மருத்துவர் செய்யும் சிகிச்சைகளுக்கு சிபிடி, மருந்து, உபகரணம், ஆம்புலன்ஸ் போன்றவற்றுக்கு ஹிக்பிக்ஸ் இரண்டாம் நிலை. உள்நோயாளிகளுக்கு மருத்துவமனையில் செய்யும் சிகிச்சைகளுக்கு மட்டும் ஐசிடி-10-பிசிஎஸ் என்று தனித் தொகுப்பு இருக்கிறது.

டிரான்ஸ்கிரிப்ஷனில் தவறு நடந்தால் அது நோயாளியின் சிகிச்சையைத் தொடும். கோடிங்கில் தவறு நடந்தால் பணம் வராமல் போகும். அல்லது வரக்கூடாத பணம் வந்து மோசடிக் குற்றச்சாட்டு வரை போகும். இரண்டும் பொறுப்பான வேலைகள். "சும்மா டைப் அடிக்கிற வேலை", "சும்மா நம்பர் போடுற வேலை" என்று சொல்பவர்களின் பேச்சை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

2. எந்த நாட்டு முறைக்குப் படிக்கிறோம் என்பதைத் தீர்மானியுங்கள்

பலர் யோசிக்காமல் தாண்டிப் போகும் படி இது. கோடிங் உலகம் முழுவதும் ஒன்று அல்ல. அமெரிக்காவில் மேலே சொன்ன தொகுப்புகள். பிரிட்டனில் சிகிச்சைகளுக்கு ஓபிசிஎஸ்-4. ஆஸ்திரேலியாவில் ஐசிடி-10-ஏஎம். கனடாவில் ஐசிடி-10-சிஏ. ஒரு நாட்டுக்குப் படித்த சான்றிதழை வைத்துக்கொண்டு இன்னொரு நாட்டு வேலைக்கு நேராகப் போய்விட முடியாது.

நம் ஊரில் இருந்தபடியே வெளிநாட்டுக்குச் செய்யும் கோடிங் வேலைகளில் பெரும்பகுதி அமெரிக்க மருத்துவமனைகளுக்கானது. அதனால் இங்கே அமெரிக்க முறையையே அடிப்படையாக வைத்து எழுதுகிறேன். உங்கள் குறிக்கோள் வேறு நாடு என்றால் அந்த நாட்டுத் தொகுப்பு எது, எந்த அமைப்பின் சான்றிதழைக் கேட்கிறார்கள் என்பதை அந்த நாட்டு வேலை விளம்பரங்களில் பார்த்துவிட்டுப் பிறகு படியுங்கள். ஒரு பத்து விளம்பரங்களைப் படித்தாலே தெளிவாகிவிடும்.

3. இரண்டையும் உங்கள் கையால் செய்து பாருங்கள்

*காதுக்கான சோதனை*

ஆங்கிலத்தில் ஒரு மருத்துவர் பேசும் விரிவுரை எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடம் போதும். எழுத்து வடிவம் திரையில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வதை ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்யுங்கள். எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை இடங்களில் புரியாமல் நின்றீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் வேறு நாட்டு உச்சரிப்பில் பேசும் ஒருவரை எடுத்து மறுபடியும் செய்யுங்கள்.

தொடக்கத்தில் ஒரு நிமிட ஒலிக்கு எட்டு, பத்து நிமிடம் ஆனாலும் பயப்பட வேண்டாம், அது இயல்பு. நீங்கள் கவனிக்க வேண்டியது வேகத்தை அல்ல. புரியாத ஒரு சொல்லை மூன்றாம் முறை, நான்காம் முறை திருப்பிக் கேட்கும்போது உங்களுக்கு ஆர்வம் கூடுகிறதா, எரிச்சல் கூடுகிறதா? எரிச்சல் என்றால் இந்த வேலை உங்களை வாட்டிவிடும். உண்மையான டிக்டேஷன் இதைவிடக் கடினம். மருத்துவர் நடந்துகொண்டே பேசுவார், பின்னால் கருவிகள் ஒலிக்கும், வாக்கியத்தை நடுவில் மாற்றுவார்.

ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள் வேறு வந்து நிற்கும். சிறுகுடலின் கடைசிப் பகுதியும் இலியம், இடுப்பெலும்பின் ஒரு பகுதியும் இலியம். ஆங்கிலத்தில் ஓரெழுத்து மட்டும்தான் மாறும். விழுங்குவதில் சிரமம் என்றால் டிஸ்ஃபேஜியா, பேசுவதில் கோளாறு என்றால் டிஸ்ஃபேசியா. ஹைப்போ, ஹைப்பர் இரண்டையும் அவசரமாகச் சொன்னால் வித்தியாசமே கேட்காது, ஆனால் பொருள் தலைகீழ். ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா என்பது மருந்தின் அளவில் வரும்போது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள வாக்கியங்களை வைத்துத்தான் இதையெல்லாம் தீர்மானிக்க வேண்டும். எதுவும் உறுதியாகாவிட்டால் அந்த இடத்தை காலியாக விட்டு, குறிப்பு போட்டு அனுப்ப வேண்டும். ஊகித்து நிரப்புவதுதான் இந்தத் தொழிலில் மிகப் பெரிய குற்றம்.

*விதிகளுக்கான சோதனை*

ஐசிடி-10-சிஎம் கோடுகளும் அவற்றின் அதிகாரப்பூர்வ வழிகாட்டு விதிகளும் அமெரிக்க அரசுத் தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. விதிகள் மட்டும் 100 பக்கங்களுக்கு மேல். அதில் பொது விதிகள், சர்க்கரை நோய் வரும் நான்காம் அத்தியாயம், ரத்த அழுத்தம் வரும் ஒன்பதாம் அத்தியாயம் ஆகிய மூன்றை மட்டும் படியுங்கள். அப்புறம் இந்தக் குறிப்பைப் பாருங்கள்:

"65 வயது ஆண். டைப் 2 சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், நான்காம் நிலை நாள்பட்ட சிறுநீரக நோய். நீண்ட காலமாக இன்சுலின் எடுக்கிறார்."

புதியவர் சர்க்கரைக்கு இ11.9, ரத்த அழுத்தத்துக்கு ஐ10 என்று போட்டுவிடுவார். தனித்தனியாகப் பார்த்தால் சரிபோல் தோன்றும், ஆனால் தவறு. சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் ஒருவருக்கே இருந்தால், தொடர்பில்லை என்று மருத்துவர் எழுதாதவரை, இரண்டும் தொடர்புடையவை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் அதே விதி. ஆகவே சர்க்கரைக்கு இ11.22, ரத்த அழுத்தத்துக்கு ஐ12.9, சிறுநீரக நோயின் நிலையைக் காட்ட என்18.4, இன்சுலினுக்கு இசட்79.4. நிலையைக் காட்டும் கோடு, முதல் இரண்டுக்கும் பின்னால்தான் வரவேண்டும்.

இன்னொன்று. இருமலும் காய்ச்சலுமாக ஒருவர் வெளிநோயாளியாக வருகிறார். மருத்துவர் "நிமோனியாவாக இருக்கலாம்" என்று எழுதுகிறார். நிமோனியாவுக்குக் கோடு போடலாமா? கூடாது. இருமலுக்கு ஆர்05.9, காய்ச்சலுக்கு ஆர்50.9, அவ்வளவுதான். அதே நோயாளி மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டு, வீடு திரும்பும்போது எழுதும் குறிப்பிலும் "நிமோனியாவாக இருக்கலாம்" என்றே இருந்தால்? இப்போது ஜே18.9 போட வேண்டும். சொற்கள் மாறவில்லை, இடம் மாறியதால் விதி மாறுகிறது.

இதைப் படித்ததும் "ஏன் அப்படி?" என்று விதிப் புத்தகத்தைத் திறக்கத் தோன்றினால் நீங்கள் கோடிங்குக்கு உகந்தவர். "இதையெல்லாம் யார் நினைவில் வைத்துக்கொள்வது" என்று தோன்றினாலும் பரவாயில்லை, நினைவில் வைக்கத் தேவையில்லை, தேர்விலும் வேலையிலும் புத்தகம் அல்லது மென்பொருள் கையில் இருக்கும். ஆனால் நாள் முழுக்க வாசிப்பதே பிடிக்காது என்றால் யோசியுங்கள். கோடிங்கில் நேரம் போவது கோடு தேடுவதில் அல்ல. நீளமான சார்ட்டில், அதாவது நோயாளியின் மருத்துவப் பதிவில், தேவையான நான்கு வரிகள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிப்பதில்தான்.

இந்தச் சோதனைகளுக்கு ஒரு வாரம், பத்து நாள் ஒதுக்குங்கள். எந்த ஆலோசகர் சொல்வதைவிடவும் இது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

4. வேலைச் சந்தையை நேராகப் பாருங்கள்

டிரான்ஸ்கிரிப்ஷன் எனக்குச் சோறு போட்ட தொழில். அதன் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனாலும் இன்று புதிதாக வருபவரிடம் உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியாது: ஒலியைக் கேட்டு முதலில் இருந்து தட்டச்சு செய்யும் வேலை சுருங்கிவிட்டது. மருத்துவர்கள் மின்னணுப் பதிவேட்டில் தாங்களே நிரப்புகிறார்கள். குரலை எழுத்தாக்கும் மென்பொருள் முதல் வரைவைத் தருகிறது. மருத்துவரும் நோயாளியும் பேசிக்கொள்வதைக் கேட்டே குறிப்பு எழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் மருத்துவமனைகளுக்குள் வந்துவிட்டன. குரல் அறிதலில் பெயர்பெற்ற நுவான்ஸ் நிறுவனத்தை 2022-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியதே இந்தத் துறையைக் குறிவைத்துத்தான். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணிப்பும் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலைகள் குறையும், கோடிங் அடங்கிய மருத்துவப் பதிவு வேலைகள் கூடும் என்றே சொல்கிறது.

மிஞ்சியிருப்பது எடிட்டிங்கும் தர ஆய்வும். மென்பொருள் தந்த வரைவை ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். இது எளிது என்று நினைக்காதீர்கள். மென்பொருளின் பிழை இலக்கணம் சரியாக, படிக்க அழகாக இருக்கும், அதனால் கண்ணில் படாமல் நழுவும். கூர்மையான காது இல்லாதவரால் இதைச் செய்யவே முடியாது.

கோடிங்கில் இயந்திரம் வரவில்லையா? வந்துவிட்டது. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் எக்ஸ்ரே, ஸ்கேன் அறிக்கைகளில் மென்பொருளே கோடு போடும் அளவுக்கு வந்திருக்கிறது. பல அறுவை சிகிச்சைகள் கலந்த சார்ட், நீண்ட உள்நோயாளிச் சார்ட், காப்பீட்டு நிறுவனம் மறுத்துத் திருப்பி அனுப்பிய பில், ஆடிட் இவையெல்லாம் இன்னும் மனிதர் கையில்தான்.

என் தீர்ப்பு இதுதான்: இரண்டு சோதனைகளிலும் உங்களுக்குச் சம விருப்பம் என்றால் கோடிங்கைத் தேர்ந்தெடுங்கள். காதுச் சோதனையில் மிக நன்றாக வந்து, ஆங்கிலமும் வலுவாக இருந்தால் மட்டும் டிரான்ஸ்கிரிப்ஷன். அதுவும் எடிட்டராகவோ தர ஆய்வாளராகவோ ஆவதைக் குறிவைத்து.

5. எதைத் தேர்ந்தெடுத்தாலும் உடலியலில் தொடங்குங்கள்

உடற்கூறியலும் மருத்துவச் சொற்களும் இரண்டுக்கும் பொது. உடலமைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, உறுப்பின் பெயர், அதற்கு வரும் நோய்கள், செய்யும் சோதனைகள், அறுவை சிகிச்சைகள், மருந்துகள் என்று படியுங்கள். முன்னொட்டு, வேர்ச்சொல், பின்னொட்டு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. எக்டமி என்றால் வெட்டி எடுப்பது, ஆஸ்டமி என்றால் திறப்பு ஏற்படுத்துவது, பிளாஸ்டி என்றால் சீரமைப்பது. தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் மூன்று மாதத்தில் நல்ல அடித்தளம் கிடைக்கும். நூலகப் புத்தகமும் இலவசக் காணொளிகளும் போதும். இதற்காகத் தனியாக யாருக்கும் பணம் கட்ட வேண்டாம்.

6. பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுவதற்கு முன்

இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள், நிதானமாகப் படியுங்கள்.

சேர்வதற்கு முன் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: மொத்தக் கட்டணம் எவ்வளவு, அதில் புத்தகங்கள், தேர்வுக் கட்டணம், உறுப்பினர் கட்டணம் அடங்குமா, மொத்தம் எத்தனை மணி நேரப் பயிற்சி, நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும். "எல்லாம் சேர்த்துத்தான்" என்று வாயால் சொல்வதை நம்பாதீர்கள். தேர்வுக் கட்டணம் தனி, புத்தகம் தனி, வேலைக்கு அனுப்பத் தனி என்று பிறகு ஒவ்வொன்றாக வரும்.

"100 சதவீத வேலை உத்தரவாதம்" என்று விளம்பரம் செய்தால், எந்த நிறுவனத்தில், எந்தப் பொறுப்பில், எவ்வளவு சம்பளத்தில் என்று கேளுங்கள். அங்கே படித்து முடித்த இரண்டு பேரிடமாவது, நிலையத்தார் பக்கத்தில் இல்லாதபோது, பேசுங்கள்.

கல்விச் சான்றிதழ்களின் அசலை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும், நகல் வைத்துக்கொள்ளட்டும். நிரப்பாத காசோலையில் கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நான் படித்த இடத்தில், வேலைக்கு அனுப்பும் கட்டணம் கட்டாதவர்களுக்குப் பயிற்சி முடித்த சான்றிதழையே தராமல் மாதக்கணக்கில் இழுத்தார்கள். அந்தச் சான்றிதழ் எவ்வளவு முக்கியம் என்பது அடுத்த படிகளில் புரியும்.

கோடிங் வகுப்பில் சேர்வதாக இருந்தால் ஒரு மாதிரி வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் புத்தகத்தைத் திறந்து விதியைக் காட்டிக் கோடு போடச் சொல்லித் தருகிறாரா, அல்லது கேள்வி பதிலை மனப்பாடம் செய்யச் சொல்கிறாரா? இரண்டாவது என்றால் வேண்டாம். டிரான்ஸ்கிரிப்ஷன் வகுப்பு என்றால் உண்மையான மருத்துவர்களின், நோயாளி அடையாளம் நீக்கிய ஒலிப்பதிவுகள் எத்தனை மணி நேரம் தருவார்கள் என்பது ஒன்றுதான் கேள்வி. தெளிவாக வாசித்துப் பதிவு செய்த ஸ்டூடியோ ஒலியில் பழகியவர்கள் வேலைத் தேர்வில் முதல் ஃபைலிலேயே திணறுவார்கள்.

7. கோடிங் தேர்வு: ஆவணங்கள், செலவு, காலம்

புதியவர்களிடம் நிறுவனங்கள் அதிகம் கேட்பது ஏஏபிசி என்ற அமெரிக்கக் கோடர்கள் அமைப்பின் சிபிசி சான்றிதழ். அஹிமா என்ற இன்னொரு அமெரிக்க அமைப்பின் சிசிஎஸ் சான்றிதழுக்கும் நல்ல மதிப்பு உண்டு, அது உள்நோயாளிக் கோடிங்கையும் சேர்த்துச் சோதிப்பதால் கொஞ்சம் அனுபவத்துக்குப் பிறகு எழுதுவது நல்லது.

சிபிசி தேர்வில் 100 கேள்விகள், 4 மணி நேரம், தேர்ச்சிக்கு 70 சதவீதம். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. ஐசிடி-10-சிஎம், சிபிடி, ஹிக்பிக்ஸ் ஆகிய மூன்று புத்தகங்களையும் வைத்துக்கொண்டே எழுதலாம். சிபிடி மட்டும் அமெரிக்க மருத்துவர் சங்கம் வெளியிடும் ப்ரொஃபஷனல் பதிப்பாக இருக்க வேண்டும். புத்தகம் இருப்பதால் எளிது என்று நினைத்துப் போனவர்கள்தான் நேரம் போதாமல் தோற்கிறார்கள். பயிற்சிக் காலத்திலேயே உங்கள் புத்தகத்தில் முக்கிய விதிகளை அடிக்கோடிட்டு, பக்கங்களுக்கு அடையாளத் தாள் ஒட்டிப் பழகுங்கள். அன்றாடக் கோடிங்குக்கு உதவும் கைக்குறிப்புகளுக்கு அனுமதி உண்டு, தேர்வுக் கேள்விகளை எழுதி வைப்பதற்கு இல்லை. தனித் தாள்களைச் செருகி வைக்கவும் கூடாது. அறுவை சிகிச்சைக் கேள்விகளில் விடைகளாகத் தந்த நான்கு கோடுகளையும் முதலில் பார்த்து, அவற்றுக்குள் எது வேறுபடுகிறது என்று கவனித்துவிட்டு அப்புறம் குறிப்பைப் படித்தால் நேரம் மிச்சமாகும். கடைசியில் எந்தக் கேள்வியையும் காலியாக விடாதீர்கள்.

செலவு என்று பார்த்தால் மூன்று தலைப்புகள்: ஏஏபிசி உறுப்பினர் கட்டணம், தேர்வுக் கட்டணம், புத்தகங்கள். உறுப்பினராகாமல் தேர்வு எழுத முடியாது, உறுப்பினர் கட்டணத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். கட்டணங்கள் டாலரில் என்பதால் உங்கள் வங்கியின் நாணய மாற்றுக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். தேர்வுக்கு ஒரு வாய்ப்பு, இரண்டு வாய்ப்பு என்று தனித்தனி விலை இருக்கும். மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து 80 சதவீதத்துக்கு மேல் வராதவர்கள் இரண்டு வாய்ப்பையே வாங்குங்கள், தோற்றபின் புதிதாகக் கட்டுவதைவிட அது மலிவு.

காலம் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஐசிடி கோடுகள் ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்றும், சிபிடி கோடுகள் ஜனவரி 1 அன்றும் புதுப்பிக்கப்படுகின்றன. தேர்வும் ஜனவரியில் புதிய ஆண்டுக்கு மாறும். செப்டம்பரில் அந்த ஆண்டுப் புத்தகம் வாங்கிப் படித்து, தேர்வை பிப்ரவரிக்குத் தள்ளினால் புத்தகம் பழையதாகிவிடும், மறுபடி வாங்க வேண்டும். ஆகவே முதலில் தேர்வு மாதத்தைத் தீர்மானித்து, அதற்கேற்ற பதிப்பை வாங்குங்கள். ஜனவரியில் தொடங்கி ஜூன், ஜூலையில் எழுதுவது வசதியான திட்டம். பழைய புத்தகம் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கினால், அதைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்களில் பெயர்தான் பிரச்சினை செய்யும். அரசு தந்த புகைப்பட அடையாள அட்டையில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே உறுப்பினர் பதிவிலும் போடுங்கள். முதலெழுத்து முன்னால், பின்னால், விரித்து எழுதியது, திருமணத்துக்குப் பின் மாறியது என்று வேறுபாடு இருந்தால் தேர்வு நாளில் உள்ளே விடாமல் போகலாம். பதிவு செய்யும்போதே சரிபார்த்துவிடுங்கள். வீட்டிலிருந்து கண்காணிப்பின் கீழ் எழுதுவதாக இருந்தால் இணையம், கேமரா, மைக் எல்லாவற்றையும் முந்தைய நாளே சோதியுங்கள். அறையில் வேறு யாரும் வரக்கூடாது.

பட்டப்படிப்பு வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். சிபிசி தேர்வு எழுத அது கட்டாயம் இல்லை. ஆனால் வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களில் பல, பட்டம் கேட்கும், அதிலும் உயிர் அறிவியல், நர்சிங், மருந்தியல், பிசியோதெரபி படித்தவர்களுக்கு முன்னுரிமை தரும். வேறு பாடம் படித்தவர்கள் சேர முடியாது என்றில்லை, உடலியலில் நல்ல பிடி இருப்பதை நேர்முகத்தில் காட்ட வேண்டியிருக்கும்.

8. டிரான்ஸ்கிரிப்ஷன் என்று முடிவு செய்தால்

இங்கே சான்றிதழைவிடத் தேர்வு ஃபைல்தான் பேசும். நிறுவனம் சில ஒலிப்பதிவுகளைக் கொடுத்து, தட்டச்சு செய்யச் சொல்லும். 98 சதவீதத்துக்குக் குறையாத துல்லியம் எதிர்பார்ப்பார்கள். வாங்க வேண்டியவை குறைவு: காதை மூடும் நல்ல ஹெட்ஃபோன், ஒலியை நிறுத்தி ஓட்ட ஃபுட் பெடல், சுருக்கெழுத்தை விரித்துத் தரும் மென்பொருள். ஹெட்ஃபோனில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

எழுதும் முறையில் சில கட்டாய விதிகள் உண்டு. ஜாயின்ட் கமிஷன் என்ற அமெரிக்கத் தர அமைப்பு, பயன்படுத்தக்கூடாத சுருக்கங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. முழு எண்ணுக்குப் பின் புள்ளி வைத்துச் சுழியம் போடக்கூடாது, 1.0 மில்லிகிராம் என்பதில் புள்ளி கண்ணில் படாவிட்டால் 10 ஆகிவிடும். 0.5 என்பதில் முன்னால் உள்ள சுழியத்தை விடவும் கூடாது. யூனிட் என்பதை ஓரெழுத்தில் சுருக்கக்கூடாது. இந்தப் பட்டியலைத் தேர்வுக்கு முன் மனப்பாடமாக வைத்திருங்கள்.

சம்பளம் பேசும்போது கவனம். பெரும்பாலும் வரிக் கணக்கில் பணம். வழக்கமாக ஒரு வரி என்பது இடைவெளியையும் சேர்த்து 65 எழுத்துகள், ஆனால் சில இடங்களில் இடைவெளியைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அப்போது அதே வேலைக்குக் கணிசமாகக் குறைந்த பணம் வரும். மென்பொருள் வரைவைத் திருத்துவதற்கான விலை, முழுதாகத் தட்டச்சு செய்வதைவிடக் குறைவு, பல இடங்களில் பாதிதான். ஆகவே கேட்க வேண்டியவை: ஒரு வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது, தினம் எவ்வளவு வேலை உறுதி, பிழைக்கு எவ்வளவு கழிப்பார்கள், எத்தனை மணி நேரத்தில் ஃபைலைத் திருப்ப வேண்டும், ஃபைல் வராத நாளில் என்ன.

9. முதல் வேலையில் சேரும்போது

கோடிங்கில் எந்தப் பிரிவில் போடுகிறார்கள் என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள். கதிரியக்கம், அவசர சிகிச்சை, மருத்துவர் வருகைக் கட்டணம், அறுவை சிகிச்சை, உள்நோயாளி, ஹெச்சிசி (நோயாளியின் நோய்களை வைத்து அவருக்கு ஆகக்கூடிய செலவைக் கணிப்பதற்கான கோடிங்) என்று ஒவ்வொன்றும் தனி உலகம். இரண்டு ஆண்டு ஒரே பிரிவில் இருந்தால் அடுத்த வேலையும் அதிலேயே அமையும். முதல் வேலைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொள்வதில் தவறில்லை, ஆனால் நான்காம் படியில் சொன்னதை நினைவில் வைத்து, ஓராண்டு முடிந்ததும் அறுவை சிகிச்சை, உள்நோயாளி அல்லது பில் மறுப்புப் பிரிவுக்கு மாற்றம் கேளுங்கள்.

சம்பளத்தோடு சேர்த்து தினசரி டார்கெட் எத்தனை சார்ட், குவாலிட்டி எவ்வளவு என்பதையும் கேளுங்கள். 95 சதவீத குவாலிட்டி பொதுவான எதிர்பார்ப்பு. பயிற்சிக் காலம் எவ்வளவு, அப்போது முழுச் சம்பளமா, பணி ஒப்பந்தத்தில் குறைந்தபட்சக் காலம் உண்டா, முன்பே விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையெல்லாம் கையெழுத்துப் போடுவதற்கு முன் படியுங்கள், சேர்ந்த அன்று அல்ல.

இரண்டு வேலைகளிலும், நோயாளியின் தகவலைப் பாதுகாக்கும் அமெரிக்கச் சட்டமான ஹிப்பாவின்படி ரகசியம் காக்கும் உறுதிமொழி வாங்குவார்கள். நோயாளியின் தகவல் உள்ள திரையைப் படமெடுப்பது, வீட்டில் சார்ட் பற்றிப் பேசுவது, சந்தேகம் கேட்பதற்காக நண்பருக்கு அனுப்புவது எல்லாமே வேலையைப் பறிக்கும். சந்தேகத்தை டீம் லீடிடம் மட்டும் கேளுங்கள்.

10. சிபிசி-ஏ-யில் உள்ள ஏ-யை நீக்குங்கள்

அனுபவம் இல்லாமல் தேர்ச்சி பெற்றால் சான்றிதழில் சிபிசி-ஏ என்று இருக்கும், பயிற்சி நிலை என்று பொருள். இரண்டு ஆண்டு கோடிங் அனுபவத்தைக் காட்டினால் ஏ நீங்கும். குறைந்தது 80 மணி நேரப் பயிற்சி முடித்த சான்றிதழ் இருந்தால் ஓராண்டு அனுபவம் போதும். மொத்தப் பயிற்சி நேரத்தை எழுத்தில் கேட்கச் சொன்னதும், பயிற்சி முடித்த சான்றிதழ் முக்கியம் என்றதும் இதற்காகத்தான்; சான்றிதழை மணி நேரம் குறிப்பிட்டே வாங்குங்கள்.

அனுபவத்துக்கு நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், கையெழுத்தோடு கடிதம் வேண்டும். நீங்கள் கோடிங் செய்தீர்கள் என்பதும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதும் அதில் இருக்க வேண்டும். "ப்ராசஸ் அசோசியேட்" என்று பொறுப்பின் பெயரை மட்டும் போட்டுத் தருவார்கள், அதைத் திருத்தி வாங்குங்கள். வேலையை விட்டு வெளியே வந்தபின் இந்தக் கடிதத்துக்காக மனிதவளப் பிரிவை விரட்டுவது பெரும்பாடு. உள்ளே இருக்கும்போதே, ஆண்டு முடிந்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.

ஏ நீங்கினாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை 36 தொடர்கல்விப் புள்ளிகளைக் காட்ட வேண்டும். இலவச வகுப்புகளிலும் புள்ளிகள் கிடைக்கும். மாதம் ஒன்றிரண்டு என்று சேர்த்து வாருங்கள். ஒவ்வொரு சான்றையும் ஒரே கோப்பில் போட்டு வைத்தால் சரிபார்ப்புக்கு அழைக்கும்போது தேட வேண்டியிருக்காது.